வாத்தியாரின் இடம்: வட சென்னையும் ஒரு துணை நடிகரும்

தமிழ்த் திரைப்படத்தில் வட சென்னை நெடுங்காலம் ஒரு துணைப் பாத்திரமாகவே இருந்துவந்தது. நாயகன் வழிதவறி வந்து சேரும் குடிசைப் பகுதியாகவும், வில்லனுக்கு அடியாள் கிடைக்கும் துறைமுகக் கிடங்காகவும், சிரிப்புக் காட்சிக்கு ஆள் அனுப்பும் ரிக்‌ஷா நிறுத்தமாகவும் அது வந்துபோயிற்று; கதை அங்கே தொடங்கி அங்கேயே முடியும் படங்கள் 2010களுக்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்தப் பகுதியின் பேச்சையும் நடையையும் திரையில் சுமந்தவர்கள் பெரும்பாலும் துணை நடிகர்களே என்பதால், வட சென்னை திரைக்கு வந்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் துணை நடிப்பு என்னும் தொழிலின் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் ரங்கன் வாத்தியாராக நடித்த பசுபதியின் திரைவாழ்க்கையில் இவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று தொடுகின்றன.

வண்ணாரப்பேட்டை என்ற பெயரே ஒரு தொழிலின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வாணிபம் துணி வாணிபமாக இருந்த காலத்தில், சுற்றுவட்டார ஊர்களில் நெய்யப்பட்டுக் கோட்டைக்கு வந்து சேர்ந்த துணி கப்பலேறுமுன் வெளுக்கப்பட வேண்டியிருந்தது. அதற்குத் தண்ணீரும் துணி விரித்துக் காயவைக்க வெட்டவெளியும் வேண்டும் என்பதால், கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தையும் தாண்டி வெளுப்புத் தொழிலாளர் குடியமர்ந்தனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படையெடுப்புகளுக்கு அஞ்சிக் கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியபோது இந்தப் பேட்டை மதிலுக்கு வெளியே நின்றுவிட்டது. அந்த மதிலுக்காக மக்களிடம் கேட்கப்பட்ட வரியின் பெயர்தான் இன்றும் சென்ட்ரல் நிலையத்தின் ஓரமாக வடக்கே ஓடும் வால்டாக்ஸ் சாலையின் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பின்னர் துறைமுகமும், பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீண்ட மோட்டார், ரப்பர்த் தொழிற்சாலைகளும் சேர்ந்து, மதிலுக்கு வெளியே நின்ற பேட்டைகளை ஒரு பெருந்தொழில் நகரமாக்கின. பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோட்டில் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் தோளோடு தோள் இடித்துச் சேலை எடுக்கும் கூட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு, துணிக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு இன்னும் அறுபடவில்லை என்பது தெரியும்.

இப்படிப் பிழைப்புக்காக வந்து சேர்ந்தவர்கள் தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். அவர்களுக்கு மேலே இருந்த மேஸ்திரியும் கிளார்க்கும் கப்பல்காரனும் ஆங்கிலத்தில் ஏவினார்கள். அந்தக் கலப்பில் உருவானதே மெட்ராஸ் பாஷை எனப்படும் பேச்சுவழக்கு. பணத்தைக் குறிக்கும் ‘டப்பு’ தெலுங்கிலிருந்து வந்தது, ‘துட்டு’ டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ‘பேஜார்’, ‘நாஸ்தா’, ‘பேமானி’ ஆகியவை உருது வழியாக வந்தவை. ‘கஸ்மாலம்’ வடமொழிச் சொல். உட்கார் என்பதற்கான ‘குந்து’ நல்ல தமிழ்ச் சொல். கொச்சை என்று பள்ளிக்கூடங்கள் ஒதுக்கிய இந்த வழக்கு, உண்மையில் ஒரு துறைமுகத்தின் முந்நூறு ஆண்டுக் கணக்குப் புத்தகம் போன்றது. இதன் சொற்களில் ஒன்று இக்கட்டுரைக்கு முதன்மையானது: ‘வாத்தியாரே’ என்ற விளி. உபாத்தியாயர் என்ற வடசொல் தேய்ந்து வாத்தியார் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் அது ஆசிரியரைக் குறிக்க, வட சென்னைத் தெருவில் சிலம்பம் கற்றுத்தருபவர், குத்துச்சண்டை கற்றுத்தருபவர், பிறகு மதிக்கத்தக்க எவரும், கடைசியில் டீக்கடையில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கூட, வாத்தியார் ஆனார்கள்.

நாடகக் கொட்டகையிலும் ஒரு வாத்தியார் இருந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் இயங்கிய பாய்ஸ் கம்பெனிகள், அதாவது சிறுவர்களைச் சேர்த்து உணவும் உறைவிடமும் தந்து நடிப்பும் பாட்டும் பழக்கிய நாடகக் குழுக்கள், வாத்தியாரின் பிரம்புக்குக் கட்டுப்பட்டவை. அங்கே நடிப்பு ‘பார்ட்’ என்ற பெயரில் முன்கூட்டியே பங்கிடப்பட்டிருந்தது: அரசனாக வருபவன் ராஜபார்ட், பெண்வேடம் கட்டுபவன் ஸ்திரீபார்ட், திருடனாக வருபவன் கள்ளபார்ட், சிரிக்கவைப்பவன் பபூன். இந்தப் பங்கீடு வெறும் வேடப் பங்கீடாக நின்றுவிடாமல், சம்பளம், சாப்பாட்டுப் பந்தி, சுவரொட்டியில் பெயரின் அளவு என எல்லாவற்றையும் தீர்மானித்தது. ராஜபார்ட் அல்லாத எல்லாரையும் பின்னாளில் சினிமா ‘துணை நடிகர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தது. அவர்களுள் நெடுநாள் நின்று பெயர் பெற்றவர்களைக் ‘குணச்சித்திர நடிகர்’ என்று கொஞ்சம் உயர்த்திச் சொன்னது. கூட்டத்தில் நிற்பவர்களை ‘எக்ஸ்ட்ரா’ என்றது. மூன்றுக்கும் இடையிலான சுவர் கம்பெனி நாடகத்தின் பந்திச் சுவரைவிட உயரமானது.

இந்த நாடகங்களின் சென்னை முகவரிகளுள் ஒன்று வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகை. அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் தங்கசாலைத் தெருவில் ரகுபதி வெங்கையா கட்டிய கிரவுன் திரையரங்கும், கினிமா சென்ட்ரலும் இருந்தன. பின்னது பிற்பாடு முருகன் தியேட்டர் ஆயிற்று. 1931 அக்டோபர் 31 அன்று தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானது இந்தக் கினிமா சென்ட்ரலில்தான். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன அந்தப் படத்தை, தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கிய வண்ணாரப்பேட்டைக்காரர்கள் மற்றவர்களைவிட எளிதாகப் பின்தொடர்ந்திருப்பார்கள் என்று கருதலாம். அதில் ஒரு சிறு வேடத்தில் நடித்தவர் எல்.வி. பிரசாத். அதே ஆண்டு வெளிவந்த முதல் இந்திப் பேசும்படமான ‘ஆலம் ஆரா’விலும், பின்னர் வந்த முதல் தெலுங்குப் பேசும்படத்திலும் அவர் சிறு வேடங்களிலேயே தோன்றினார். மூன்று மொழிகளின் முதல் பேசும்படங்களிலும் இருந்த நடிகர் ஒரு துணை நடிகர் என்பதும், அவரே பின்னாளில் பெரிய இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும் ஆனார் என்பதும் இத்தொழிலின் விசித்திரங்களுள் ஒன்று. ஐந்தாண்டு கழித்து வந்த ‘சதி லீலாவதி’யில் எம்.ஜி.ஆர். ஒரு சிறு போலீஸ் வேடத்திலும் டி.எஸ். பாலையா வில்லனாகவும் அறிமுகமானார்கள். எம்.ஜி.ஆர். பத்தாண்டுக்கு மேல் துணை வேடங்களில் காத்திருந்து 1947இல் ‘ராஜகுமாரி’யில் நாயகனாகி, ரசிகர்களின் வாயில் ‘வாத்தியார்’ ஆனார். பாலையா கடைசிவரை குணச்சித்திர நடிகராகவே இருந்தார். நடிப்பில் யார் மேல் என்று அந்தக் காலத்து ரசிகரைக் கேட்டால், பதில் சொல்வதற்குமுன் சுற்றுமுற்றும் பார்த்திருப்பார்.

மெட்ராஸ் பாஷை திரையில் நிலைபெற்றது துணை நடிகர்களால். 1958இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் ஜே.பி. சந்திரபாபு இரட்டை வேடமிட்டு, அவற்றுள் ஒன்றில் ரிக்‌ஷாக்காரனாக அந்த வழக்கைப் பேசினார்; தூத்துக்குடியில் பிறந்த கிறித்தவர் ஒருவர் சென்னைத் தெருப்பேச்சின் தாளத்தை அவ்வளவு துல்லியமாகப் பிடித்தது அதன்பின் வந்த எல்லாருக்கும் அளவுகோலாயிற்று. 1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோவும் மனோரமாவும், 1972இல் ‘காசேதான் கடவுளடா’வில் போலிச் சாமியாராக வந்த தேங்காய் சீனிவாசனும் அதே வழக்கால் அரங்கைக் குலுக்கினர். நகைச்சுவை நடிகரான தந்தையிடமிருந்து ‘லூஸ்’ என்ற அடைமொழியையும் பெற்றுக்கொண்ட லூஸ் மோகன், 2012இல் மறையும் வரை மெட்ராஸ் பாஷையையே தன் அடையாளமாக வைத்துப் பிழைத்தார். இவர்கள் செய்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிரிப்பதற்காக மட்டுமே அனுமதிக்கப்பட்ட மொழியில் அழவோ, சினக்கவோ, ஒருவரை மன்னிக்கவோ இடமில்லை. 1971இல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்திலும் தலைப்பு தெருவிலிருந்து வந்ததே தவிர, நாயகனான எம்.ஜி.ஆர். பேசியது பெரும்பாலும் பொதுத்தமிழ்தான். ஜெயகாந்தன் 1965இல் இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ சென்னைக் குடிசைவாழ் மக்களைச் சிரிப்புக்கு வெளியே காட்டிய அரிய விதிவிலக்கு. அதற்குத் தேசிய விருதுக் குழுவின் பாராட்டு கிடைத்த அளவுக்குத் திரையரங்குகள் கிடைக்கவில்லை.

1980களுக்குப் பின் சிரிப்பின் இடத்தைக் கத்தி பிடித்துக்கொண்டது. காசிமேடும் இராயபுரமும் கதாநாயகன் அடித்து நொறுக்கும் ரவுடியின் முகவரிகளாயின. அவனது பெயருக்கு முன்னால் ஒரு பட்டப்பெயர், கழுத்தில் ஒரு சங்கிலி, வாயில் ஒரு வெற்றிலை என்று அடையாளங்கள் கட்டிவைக்கப்பட்டன. பசுபதி பரவலாகத் தெரியத் தொடங்கியது இந்த வார்ப்புக்குள்தான். 2003இல் ‘தூள்’ படத்திலும், 2005இல் ‘திருப்பாச்சி’யிலும் அவர் ஏற்றவை நகரத்து வில்லன் வேடங்கள், பின்னதில் சென்னையைப் பங்குபோட்டுக்கொண்ட தாதாக்களுள் ஒருவனான பட்டாசு பாலுவாக அவர் வந்தார். வேடம் பழையதுதான் என்றாலும் உடல் புதியதாக இருந்தது. மற்ற வில்லன்கள் கண்ணை உருட்டிய இடங்களில் அவர் கழுத்தை மட்டும் திருப்பினார். அவர்கள் கத்திய இடங்களில் மூச்சை இழுத்துப் பிடித்தார். அந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நடேசன் பூங்காவோ கோடம்பாக்கமோ கிடைக்காது, ந. முத்துசாமியின் நாடகப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

தஞ்சை மாவட்டத்துப் புஞ்சையில் பிறந்த சிறுகதையாசிரியரான முத்துசாமி (1936–2018), 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். வடதமிழகத்தில் விடியவிடிய ஆடப்படும் தெருக்கூத்தைப் பட்டிக்காட்டு ஆட்டம் என்று நகரத்துப் படிப்பாளிகள் ஒதுக்கிய காலத்தில், நவீன நாடகத்துக்கான உடல் அங்கேதான் இருக்கிறது என்று அவர் வாதிட்டு, செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்து ஆசிரியர்களிடமிருந்து நடிகர்கள் கற்பதற்கு வழிசெய்தார். கூத்தில் அடவு என்றால் காலின் தாளக்கட்டு. வேடம் என்றால் மரக்கட்டையும் கண்ணாடியும் சேர்ந்த கனத்த அணிகலன்களைத் தோளிலும் தலையிலும் சுமந்து ஆடுவது. இதைப் பழகியவருக்கு அசையாமல் நிற்பதே ஒரு செயல் என்று தெரிந்துவிடும். கூத்தில் கட்டியக்காரன் என்றொரு பாத்திரமும் உண்டு: அரசன் வருவதை அறிவிப்பவன், அவனைக் கேலி செய்பவன், கதையை நிறுத்திப் பார்வையாளரிடம் பேசுபவன், தேவைப்பட்டால் எந்த வேடத்துக்கும் மாறிக்கொள்பவன். துணை நடிகருக்குத் தமிழ் மரபில் ஒரு மூதாதை உண்டென்றால் அது இந்தக் கட்டியக்காரனே. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், இளங்கோ குமரவேல் முதலிய பலர் அந்தப் பட்டறையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள். அங்கே கணக்கெழுதவும் நடிக்கவும் செய்த விஜய் சேதுபதி மட்டுமே உச்ச நட்சத்திரமானார்.

பசுபதியின் திறனை முதலில் முழு அளவில் பயன்படுத்திய படம் 2004 பொங்கலுக்கு வந்த, கமல்ஹாசன் எழுதி இயக்கிய ‘விருமாண்டி’. மரண தண்டனைக்கு எதிராகக் குரல் கொடுக்கும் ஆவணப்பட இயக்குநர் ஒருவர் சிறையில் இரு கைதிகளின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்கிறார். ஒரே நிகழ்ச்சிகளை முதலில் கொத்தாளத் தேவரும் பிறகு விருமாண்டியும் சொல்கிறார்கள். கொத்தாளன் பசுபதி. முதல் வாக்குமூலம் அவருடையது என்பதால், படத்தின் பாதித் தூரம் வரை பார்வையாளர் அவர் கண்ணால்தான் பார்க்கிறார்கள்: அவர் பொறுமையான பெரியவர், விருமாண்டி அடங்காத முரடன். இரண்டாம் வாக்குமூலத்தில் அதே ஆள், அதே வேட்டி, அதே மீசை, ஆனால் ஊற்றுள்ள நிலத்தின் மீது ஆசை வைத்துக் காய் நகர்த்துபவர். நாயகன் தன்னை மாற்றிக்காட்டுவதற்கு ஒப்பனையும் சண்டைக்காட்சியும் துணைக்கு வரும். துணை நடிகருக்கோ அதே சட்டகத்துக்குள் பார்வையின் கோணத்தையும் குரலின் ஈரத்தையும் மட்டும் மாற்ற முடியும். முதல் பாதியில் அன்பாகத் தோன்றிய ஒரு தடவல் இரண்டாம் பாதியில் கணக்காகத் தோன்ற வேண்டும். அதற்காக முதல் பாதியிலேயே அதைப் பாதி திறந்து வைத்திருக்க வேண்டும். வில்லனுக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு மணி நேரம் கிடைத்ததும், அதை நம்பவைக்கத்தக்க நடிகர் அந்த இடத்தில் இருந்ததும் தமிழ்ப் படத்தில் அடிக்கடி நேர்வதில்லை.

2006இல் வசந்தபாலன் இயக்கிய ‘வெயில்’ அவரை நாயகன் வரிசைக்கு அருகில் கொண்டுவந்தது. விருதுநகர்ப் பக்கத்துக் கசாப்புக்காரர் ஒருவரின் மூத்த மகன் முருகேசன், பள்ளிக்குப் போகாமல் படம் பார்த்ததற்காகத் தந்தையால் வெயிலில் கட்டிவைக்கப்பட்ட அவமானத்தில் ஊரைவிட்டு ஓடி, வேறோர் ஊரின் திரையரங்கில் படம் ஓட்டும் அறையில் வளர்கிறான். காதலையும் இழந்து, அந்தக் கொட்டகையும் இல்லாமற்போன பிறகு வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். சாப்பிட உட்காரும்போதுகூட இது தனக்கு உரிய இடந்தானா என்று தயங்கும் உடலோடு பசுபதி அந்த வீட்டுக்குள் நடந்தார். அப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தோற்றுத் திரும்பிய மூத்தவன் என்பது தமிழ்க் குடும்பங்களில் எல்லாருக்கும் தெரிந்த ஆள். ஆனால் சினிமா அவனை அதற்குமுன் ஒரு காட்சிக்கு மேல் உட்காரவைத்ததில்லை.

இதற்குப் பின் நடந்தது தொழிலின் கணக்கைக் காட்டுகிறது. 2008இல் பி. வாசு இயக்கிய ‘குசேலன்’, ஊர் முடிதிருத்துநர் ஒருவருக்கும் அவரது இளமை நண்பரான பெரிய நடிகருக்கும் இடையிலான கதை; மலையாள மூலத்தில் அது முடிதிருத்துநரின் கதையாகவே இருந்தது. தமிழில் நண்பராக ரஜினிகாந்த் நடித்ததால், கதைப்படி நாயகனான பசுபதி விளம்பரங்களில் ஓரத்துக்குப் போனார்; ரஜினி படம் பார்க்க வந்தவர்களுக்கு ரஜினி போதவில்லை, பசுபதி படம் பார்க்க யாரும் அழைக்கப்படவில்லை. முதன்மை வேடத்திலேயே துணை நடிகராக இருக்கும் நிலை இதைவிடத் தெளிவாக நேர முடியாது. அதன் பிறகு ஏறக்குறைய பத்தாண்டுகள் அவர் குறைவாகவே தெரிந்தார். 2019இல் வெற்றிமாறனின் ‘அசுரன்’ படத்தில், தனுஷின் மைத்துனர் முருகனாக, சண்டையில் முந்தாமல் குடும்பத்தின் பின்னால் நின்று காக்கும் மாமனாக வந்தபோது, விட்ட இடத்திலிருந்து நடிப்பு தொடர்ந்தது.

இதற்கிடையே வட சென்னையின் இடமும் திரையில் மாறியிருந்தது. பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) வியாசர்பாடி வீட்டுவசதிக் குடியிருப்பின் ஒரு சுவரைக் கதையாக்கியது. வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) காசிமேட்டுக் கரையைக் கதையாக்கியது. இரண்டிலும் மெட்ராஸ் பாஷை சிரிப்புக்காக அல்லாமல் பேசப்பட்டது. சிறையும் கொலையும் இன்னும் உடன் வந்தன என்றாலும், எதிரியாக வருபவனுக்கும் ஒரு வீடும் ஒரு கேரம் பலகையும் கிடைத்தன. ‘சார்பட்டா பரம்பரை’ இன்னொரு படி சென்று, அந்தப் பகுதி தன்னைப் பற்றிப் பெருமையோடு பேசும் ஒரு நினைவை, குத்துச்சண்டையை, கையிலெடுத்தது.

வெள்ளைக்காரச் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் ஆடிய குத்துச்சண்டை துறைமுகத் தொழிலாளரிடம் பரவி, வட சென்னையில் ‘பரம்பரை’ எனப்படும் பயிற்சி மரபுகளாகக் கிளைத்தது. பரம்பரை என்றால் இங்கே இரத்த வழி அன்று. ஒரு வாத்தியாரிடம் கற்றவர்களின் வழி. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை முதலியவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெருங்கூட்டம் சேர்த்து மோதின; ‘சார் பட்டா’ என்பதற்கு நான்கு கத்தி என்று பொருள் சொல்லப்படுவதுண்டு. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியபோது எம்.ஜி.ஆர். அரசு வரவேற்றது, அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பரம்பரைப் போட்டிகளின் மவுசு படிப்படியாக அடங்கியது. திரைப்படம் தேர்ந்துகொண்ட காலம் 1970களின் நடு. ரங்கன் சார்பட்டா பரம்பரையின் வாத்தியார். திராவிட முன்னேற்றக் கழகத்துக்காரர். இராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் அந்தக் கட்சியின் தொடக்கக் கூட்டம் நடந்தது என்பதை நினைத்தால், வட சென்னையில் ஒரு வாத்தியார் கட்சிக்காரராகவும் இருப்பது எவ்வளவு இயல்பு என்பது விளங்கும். 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதியின் அரசு கலைக்கப்பட்ட செய்தியும், ரங்கனைக் கைதுசெய்யப் போலீசார் வருவதும், மாணவனான கபிலனின் பெரிய சண்டை குலைவதும் படத்தில் ஒரே மேடையில் நிகழ்கின்றன.

இப்படத்தில் துணை நடிகர்களுக்குக் கிடைத்த இடம் தனியாகக் கவனிக்கத்தக்கது. டான்சிங் ரோஸாக வந்த ஷபீர், கெவின் என்ற ஆங்கிலோ இந்தியராக வந்த ஜான் விஜய், எதிர்ப் பரம்பரையின் துரைக்கண்ணு வாத்தியாராக வந்த ஜி.எம். சுந்தர் ஆகியோர் படம் வெளியான சில நாட்களில் வேடத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டார்கள். ஆனால் படத்தின் எடை ரங்கன் மேல் நிற்கிறது. அவருக்கு முன்னால் ஒரு பந்தயம்: அடுத்த மோதலில் தோற்றால் தன் பரம்பரை மேடையேறாது. அவர் வீட்டிலேயே ஒரு குத்துச்சண்டைக்காரன் இருக்கிறான்: மகன் வெற்றிச்செல்வன். மகனை விட்டுவிட்டு இன்னொருவனைத் தேர்ந்தெடுப்பதைப் பசுபதி நீதியின் பெருமிதத்தோடு செய்வதில்லை. ஆட்டம் தெரிந்தவன், ஆட்டம் தெரியாதவனை மகன் என்பதற்காக அனுப்ப முடியாது என்பதைக் கணக்குப் பிள்ளை தவறான கூட்டலைத் திருத்துவதுபோல உணர்ச்சியற்றுச் சொல்லிவிட்டு, மகனின் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறார். பரம்பரை என்ற சொல்லின் இரண்டு பொருள்களும், இரத்த வழியும் வாத்தியார் வழியும், அந்தப் பார்க்காமையில் மோதுகின்றன.

சினிமாக்காரர்கள் ‘சஜஷன்’ என்று ஒரு ஷாட்டைச் சொல்வார்கள்: பேசுபவரின் முகம் தெரிய, கேட்பவரின் தோளும் பின்தலையும் மட்டும் ஓரத்தில் மங்கலாகத் தெரியும்படி எடுப்பது. நாயகன் பேசும் காட்சியில் துணை நடிகரின் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்தத் தோளாகவே கழியும். இடையிடையே அவர் அதிர்வதையோ மகிழ்வதையோ காட்ட ஒரு ‘ரியாக்‌ஷன்’ வெட்டிச் சேர்க்கப்படும், அதையும் படத்தொகுப்பாளர் சுருக்கிவிடலாம். ‘சார்பட்டா’வில் கபிலன் சைக்கிள் மிதிக்க, வாத்தியார் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போகும் காட்சி அந்த இலக்கணத்தை மீறுகிறது. சைக்கிளில் இருவர் போவதை முன்னாலிருந்து எடுத்தால் இரண்டு முகங்களும் ஒரே சட்டகத்தில், ஒரே திசையைப் பார்த்தபடி, வெட்டில்லாமல் கிடைத்துவிடும். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாது, பார்வையாளர் இருவரையும் பார்க்கலாம். முன்னால் இருப்பவனுக்குத் தெரியாமல் பின்னால் இருப்பவரின் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதே அங்கே காட்சி. கபிலனாக நடித்த ஆர்யா மூச்சு வாங்க மிதிக்கிறார். பசுபதி ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்துணுக்கே பின்னர் ஆயிரம் வேடிக்கை வாசகங்களோடு கைபேசிகளில் சுற்றியது: அப்பாவும் மகனும், மேலாளரும் ஊழியரும், மாமனும் மருமகனும் அந்தச் சைக்கிளில் ஏற்றப்பட்டார்கள். சுவரொட்டியில் நாயகனின் முகம் மட்டும் நிற்கும் தமிழ்ச் சூழலில், மக்கள் தாங்களாகவே தேர்ந்தெடுத்த சுவரொட்டியில் துணை நடிகரும் சம அளவில் இருந்தார்.

அந்தப் படம் கைபேசியில் சுற்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் தமிழ்நாட்டின் திரையரங்குகள் மூடிக்கிடந்ததால், 2021 ஜூலை 22 அன்று ‘சார்பட்டா பரம்பரை’ அமேசான் பிரைம் தளத்தில் நேரடியாக வெளியானது. வண்ணாரப்பேட்டையை அடுத்த தண்டையார்பேட்டையில் 1967 முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகளோடு இயங்கிவந்த அகஸ்தியா திரையரங்கு அதற்கு முந்தைய ஆண்டே நிரந்தரமாக மூடப்பட்டிருந்தது. தன் தெருவையும் தன் பேச்சையும் பெரிய திரையில் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த பகுதி, அது வந்தபோது உள்ளங்கையளவு திரையில் பார்த்தது. ‘வெயில்’ முருகேசனுக்கு இது புரிந்திருக்கும்.

இதற்குப் பிறகு பசுபதி 2023இல் ‘தண்டட்டி’யில் முதன்மைப் பாத்திரமான போலீஸ்காரராகவும், 2024இல் ‘தங்கலான்’ படத்தில் மீண்டும் இரஞ்சித்தின் இயக்கத்தில் ஒரு துணை வேடத்திலும் நடித்தார். 2025 அக்டோபரில் வெளியான மாரி செல்வராஜின் ‘பைசன்’ படத்தில், கபடி ஆடத் துடிக்கும் இளைஞனின் தந்தையாக வருகிறார். ரங்கன் வாத்தியார் மாணவனை மேடைக்கு ஏற்றப் பார்த்தவர். இந்தத் தந்தை, சாதிச் சண்டை விளையாட்டுக்குள் புகுந்து மகனைக் கொன்றுவிடும் என்ற அச்சத்தில் அவனை ஆடுகளத்திலிருந்து இழுத்துப் பிடிக்கப் பார்ப்பவர். சுவரொட்டியில் பெரிய முகம் வேறொருவருடையது.